கென்னடி: ஒரு குடும்பப் பெயரின் ஆயிரம் ஆண்டு வரலாறு

கென்னடி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி. 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பெயர் உலகின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அயர்லாந்தின் ஷானன் ஆற்றங்கரையில் அது ஒரு குலத்தின் பெயராக நிலைபெற்றுவிட்டது. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு ராபர்ட் மாத்தசன் என்ற பதிவுத்துறை அதிகாரி அயர்லாந்தின் குடும்பப் பெயர்களைக் கணக்கிட்டு 1894இல் வெளியிட்டார். மர்ஃபி, கெல்லி, சல்லிவன் என்று தொடங்கும் அந்த வரிசையில் கென்னடிக்கு 16ஆவது இடம். அப்போது அந்தத் தீவில் ஏறத்தாழ 20,000 பேர் அந்தப் பெயரைத் தாங்கியிருந்தனர் என்பது மதிப்பீடு.

இத்தனை பேரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களா? இந்தப் பெயருக்கு உண்மையில் என்ன பொருள்? அகராதியைப் புரட்டினால் இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் விடை கிடைத்துவிடும். அந்த ஒரு வரியோடு நின்றுவிடுபவர்களுக்கு இந்தப் பெயரின் வரலாறு பிடிபடாது. மண், சட்டம், எழுத்தர், பஞ்சம், கப்பல் பயணம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் ஒரு குடும்பப் பெயருக்குப் பொருள் தருகின்றன என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

அழகற்ற தலையா, கவசத் தலையா?

ஐரிஷ் மொழியில் இன்று இந்தப் பெயரை 'ஓ கின்னேஜெ' என்கிறார்கள். கென்னேடிக் என்ற பழைய ஆண்பெயரிலிருந்து பிறந்தது அது. அப்பெயரின் முதற்பகுதி 'தலை' என்று பொருள்படும் சொல். அதில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டாம் பகுதியில்தான் வழக்கு. அழகற்ற, உருக்குலைந்த என்ற பொருள் கொண்ட சொல் அது என்பது ஒரு தரப்பு. உடை, போர்க்கவசம் என்று பொருள்படும் சொல் என்பது மறுதரப்பு. முன்னதை ஏற்றால் 'அவலட்சணத் தலையன்'. பின்னதை ஏற்றால் 'தலைக்கவசம் அணிந்தவன்'.

கென்னடி குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டாவதையே விரும்புவார்கள். அது இயல்புதான். அயர்லாந்தின் ஆர்மண்ட் பகுதிக் கென்னடிகளின் குலச்சின்னத்தில் மூன்று தலைக்கவசங்கள் உள்ளன. கவசம் என்ற பொருளைக் கேடயத்தின் மேல் படமாக்கிய சின்னம் அது. ஆனால் பழைய ஏடுகளில் காணும் எழுத்து வடிவம் 'அழகற்ற' என்ற சொல்லோடுதான் நெருங்கிப் பொருந்துகிறது. கவசப் பொருள் பிற்காலத்து எழுத்துக்கூட்டலிலிருந்து கிளைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உடற்குறையைச் சுட்டும் பட்டப்பெயர்கள் கெய்லிக் சமூகத்தில் மிகச் சாதாரணம். ஸ்காட்லாந்தின் பெருங்குலங்களான கேம்பெல், கேமரன் ஆகியவற்றின் பெயர்களுக்கு முறையே கோணல் வாய், கோணல் மூக்கு என்றே பொருள் சொல்லப்படுகிறது. கென்னேடிக் என்ற பெயரை மன்னர் குடும்பம் ஒன்று தாத்தாவுக்கும் வைத்தது, பேரனுக்கும் வைத்தது. வைத்த நாளிலேயே அது வசைச்சொல் என்ற நிலையைக் கடந்து, முன்னோர் பெயர் என்ற மதிப்பைப் பெற்றுவிட்டது.

தந்தை பெயர் குலப்பெயரான விதம்

அந்தத் தாத்தா தோமண்ட் என்னும் வட மன்ஸ்டர் நாட்டின் அரசர் கென்னேடிக் மக் லோர்கான். டால் காஷ் என்ற இனக்குழுவின் தலைவர். 951இல் இறந்தார். அவருடைய மகன்களில் ஒருவரே அயர்லாந்தின் பேரரசராக உயர்ந்து, 1014இல் கிளான்டார்ஃப் போர்க்களத்தில் மாண்ட பிரையன் போரு. பிரையனின் வழிவந்தோர் ஓ பிரையன் ஆனார்கள். பிரையனின் அண்ணன் தம்பிகளில் டான்குவான் என்று ஒருவர் இருந்தார். அவர் தம் மகன்களில் ஒருவருக்குத் தம் தந்தையின் பெயரையே இட்டார். அந்தப் பேரன் கென்னேடிக்கின் வழிவந்தோர்தாம் கென்னடிகள். ஆகவே கென்னடிகள் பிரையன் போருவின் நேர்வழியினர் அல்லர். அவருடைய உடன்பிறந்தார் மகனின் வழியினர்.

டான்குவானின் மற்ற மகன்களிடமிருந்து லானர்கன், கெல்லஹர் என்ற பெயர்கள் கிளைத்தன. ஒரே தந்தையின் பிள்ளைகள், ஒரு சில தலைமுறைக்குள் தனித்தனிக் குடும்பப் பெயர் கொண்ட தனித்தனிக் குலங்களாகப் பிரிந்துவிட்டார்கள். ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர்கள் வெகு முன்னதாகவே உறுதிப்பட்ட நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. 916இல் இறந்த ஒரு தலைவரை 'ஓ கிளேரி' என்று குறிப்பிடும் ஆண்டுக்குறிப்பை மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகக் காட்டுவார்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும்படி பிரையன் போருதான் ஆணையிட்டார் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. அவர் பிறப்பதற்கு முன்பே இந்த வழக்கம் தொடங்கிவிட்டதால் அக்கதைக்கு அடிப்படை இல்லை.

'மக்' என்றால் மகன். 'ஓ' என்பது 'உஅ' என்ற பழஞ்சொல்லின் இன்றைய வடிவம். அதற்குப் பேரன் என்று பொருள். தொடக்கத்தில் இவை உண்மையான உறவைச் சொன்னவை. தலைமுறை மாறினால் பெயரும் மாறும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கமும் இப்படித் தலைமுறைதோறும் மாறுவதுதான். அயர்லாந்தில் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அந்த மாற்றம் நின்றது. ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு பெயர் உறைந்து, அதற்குப் பின் பிறந்த எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று.

ஒரு பேழையில் இரண்டு காலங்கள்

கென்னடிகளின் முதல் நிலம் கிளேர் மாவட்டத்தின் கிழக்கே, கில்லலூ ஊரை ஒட்டிய க்ளெனோம்ரா பள்ளத்தாக்கு. அங்கே கில்லோகென்னடி என்ற பங்கு இன்றும் உண்டு. கென்னடிகளின் கோவில் என்று பொருள். ஓ பிரையன்களும் மக்னமாராக்களும் வலுப்பெற்று நெருக்கியபோது, கென்னடிகள் ஷானன் ஆற்றைக் கடந்து டிப்பரரியின் வடபகுதியில் குடியேறினர். ஆர்மண்ட் எனப்பட்ட அந்த நாட்டை 12ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டுவரை அவர்கள் தம் பிடியில் வைத்திருந்தார்கள். அதே மண்ணுக்கு உரிமை கோரிய ஆங்கிலோ நார்மன் பட்லர் குடும்பத்தோடு சண்டையும் உடன்படிக்கையுமாகவே அந்த நூற்றாண்டுகள் கழிந்தன. குலம் பெருகப் பெருக டான், ஃபின், ருவா என்று மூன்று கிளைகள் உண்டாயின. பழுப்பு, வெண்மை, செம்மை ஆகிய நிறங்களின் பெயர்கள் அவை.

அந்த ஆட்சிக்குச் சான்றாக ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்டோ மிஸல் என்பது ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட லத்தீன் வழிபாட்டு நூல். இடையிடையே ஐரிஷ் மொழிப் பகுதிகளும் உண்டு. டிப்பரரியின் லோரா மடத்தில் அது நெடுங்காலம் இருந்தது. அதை வைக்க மரத்தால் ஒரு சிறு பேழை செய்து, மேலே உலோகத் தகடுகள் பொருத்தினார்கள். நூல் இன்று டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாதெமியில் இருக்கிறது; பேழை தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பேழையின் இரு முகங்களும் இரு வேறு காலத்தவை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பழைய முகத்தின் ஓரங்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று பிரையன் போருவின் மகன் டொனகாவின் பெயர். அவரை அப்பொறிப்பு 'பிரையனின் மகன் டொனகா' என்கிறது. சொன்னபடியே அவர் பிரையனின் மகன். 14ஆம் நூற்றாண்டில் வெள்ளித் தகட்டால் புதுப்பிக்கப்பட்ட மறுமுகத்தில், செலவை ஏற்ற 'ஆர்மண்ட் அரசர் பிலிப் ஓ கென்னடி', அவருடைய மனைவி ஆன்யெ ஆகியோரின் பெயர்கள் உள்ளன. கணவன் மனைவி இருவரும் 1381இல் இறந்தார்கள். பிலிப்பின் தாத்தா பெயர் கென்னேடிக் அன்று. 'ஓ கென்னடி' என்பது அவருக்கு நானூறு ஆண்டுக்கால மரபின் பெயர். தந்தை பெயர் சொல்லும் முறையும் குடும்பப் பெயர் சொல்லும் முறையும் ஒரு கையடக்கப் பேழையின் இரு பக்கங்களில் எதிரெதிரே நிற்கின்றன. அயர்லாந்தில் பெயரிடும் முறை எப்படி மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பெண்களுக்கு வேறு வடிவம்

ஆங்கிலத்தில் கென்னடி வீட்டில் தந்தை, தாய், மகள் எல்லோரும் கென்னடிதான். ஐரிஷ் மொழியில் அப்படியில்லை. மகன் 'ஓ கின்னேஜெ'. மகள் 'நீ ஹின்னேஜெ'. மனைவி 'பான் ஈ ஹின்னேஜெ'. பெண்பால் முன்னொட்டு வந்ததும் பெயரின் முதல் ஒலி நெகிழ்ந்து ககரம் ஹகரமாகிறது. பேரன் என்ற பொருள் கொண்ட முன்னொட்டைப் பெண்ணுக்குச் சூட்ட முடியாது என்பதை அந்த மொழி மறக்கவில்லை.

இந்த வடிவத்தைப் பெருமையோடு தாங்கியவர் மாய்ரெ நீ ஹின்னேஜெ. 1879இல் டப்ளினில் பிறந்தவர். ஆங்கில முறைப்படி அவர் பெயர் மேரி கென்னடி. ஐரிஷ் மொழி இயக்கத்தில் ஈடுபட்டவர். பெண்கள் மட்டையால் பந்தடித்து ஆடும் கமோகி விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். அதன் சங்கத்துக்கு முதல் தலைவரும் அவரே. பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த கதைசொல்லி பெக் சேயர்ஸைத் தம் வாழ்க்கையைச் சொல்லும்படி ஊக்கி, 1936இல் வெளியான அந்தத் தன்வரலாற்றைப் பதிப்பித்தவரும் அவர்தான். பல தலைமுறை ஐரிஷ் மாணவர்கள் பள்ளியில் படித்த நூல் அது. பிறப்பால் கிடைத்த மொழிவடிவத்தை மீட்டுத் தாங்குவது அந்தத் தலைமுறைக்கு ஓர் அரசியல் செயல்.

'ஓ' உதிர்ந்த கதை

மீட்க வேண்டிய தேவை ஏன் வந்தது? ஐரிஷ் பெயர்களின் மேல் ஆங்கில ஆட்சிக்கு நெடுநாள் கண் இருந்தது. 1465ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, டப்ளினைச் சுற்றிய மாவட்டங்களில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ்காரர்கள் ஓர் ஊரின் பெயரையோ, நிறத்தின் பெயரையோ, தொழிலின் பெயரையோ, பதவியின் பெயரையோ ஆங்கிலக் குடும்பப் பெயராக ஏற்க வேண்டும் என்றது. அச்சட்டத்துக்கு அப்பால் இருந்த ஆர்மண்டை அது தொடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1649இல் தொடங்கிய ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த நிலப்பறிப்பும் கெய்லிக் தலைவர்களின் வேரை அறுத்தன. கத்தோலிக்கரை ஒடுக்கும் சட்டங்கள் அடுத்து வந்தன. கோட்டையும் நிலமும் போன பிறகு, 'ஓ' என்ற முன்னொட்டு சுமையாயிற்று. நிலப்பதிவிலும் நீதிமன்ற ஏட்டிலும் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது நிலைத்தது. ஓ கின்னேஜெ, கென்னடி ஆனது.

1893இல் ஐரிஷ் மொழியை மீட்கும் அமைப்பான கெய்லிக் லீக் தொடங்கியபின் பலர் 'ஓ'வையும் 'மக்'கையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஐரிஷ் குடும்பப் பெயர் ஆய்வின் முன்னோடி எட்வர்ட் மக்லைசட்டே லைசட் என்று பிறந்து, 1920இல் 'மக்' சேர்த்துக்கொண்டவர். சல்லிவன்கள் பெருந்தொகையாக ஓ சல்லிவன் ஆனார்கள். மர்ஃபிகளும் கென்னடிகளும் பெரும்பாலும் அப்படியே இருந்துவிட்டார்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. வெளியுறவு அமைச்சராகவும் ஐரோப்பிய ஆணையராகவும் பணியாற்றிய மைக்கேல் ஓ கென்னடி கடைசிவரை அந்த முன்னொட்டோடுதான் அறியப்பட்டார். அவர் பிறந்த நீனா நகரம், கென்னடிகள் ஆண்ட பழைய ஆர்மண்டின் நடுவே இருக்கிறது.

ஒரே பெயர், பல ஊற்று

இதுவரை சொன்னது ஒரு வரலாறு மட்டுமே. ஸ்காட்லாந்தின் தென்மேற்கே ஏர்ஷர் பகுதியில் வேறொரு கென்னடி குலம் உண்டு. 1509இல் கசில்ஸ் பிரபுப் பட்டம் பெற்ற குடும்பம் அது. கட்டடக்கலைஞர் ராபர்ட் ஆடம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடற்பாறைமேல் எழுப்பிய கல்லேன் கோட்டை 1945வரை அவர்களுடையதாக இருந்தது. அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே கெய்லிக் மொழியைப் பகிர்ந்த காலத்தில் அதே ஆண்பெயரிலிருந்து தனியே முளைத்த பெயர் அது. 1609க்குப் பிறகு அல்ஸ்டரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேற்றப்பட்டபோது அந்தக் கென்னடிகளில் பலரும் வந்தார்கள். ஆகவே பெல்ஃபாஸ்டின் ஒரு கென்னடி ஏர்ஷர் வழியினராக இருக்கலாம். நீனாவின் ஒரு கென்னடி டால் காஷ் வழியினராக இருக்கலாம். எழுத்தில் இருவரும் ஒன்றே.

ஆண்வழி மரபணு ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. டால் காஷ் மரபுப் பெயர்களைத் தாங்கிய ஆண்களிடம் எல்226 என்ற மரபணுக் குறி அடிக்கடி காணப்படுகிறது. கென்னடிகளிலும் அது உண்டு. ஆனால் எல்லாக் கென்னடிகளிடமும் இல்லை. தத்து, தாய்வழிப் பெயர், தலைவன் பெயரை ஏற்ற குடிகள் என்று ஒரு பெயருக்குள் வேறு குருதி வந்து சேர வழிகள் பல.

டன்கன்ஸ்டவுனிலிருந்து பாஸ்டனுக்கு

ஆர்மண்ட் கென்னடிகளின் ஒரு கிளை 1600ஐ ஒட்டித் தென்கிழக்கே வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்துக்குப் போனது என்றும் அதிபர் கென்னடியின் முன்னோர் அதைச் சேர்ந்தவர்கள் என்றும் கருதப்படுகிறது. உறுதியாகத் தெரிவது இது: உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தை வாட்டிய நாட்களில், நியூ ராஸ் துறைமுகத்துக்கு அருகே டன்கன்ஸ்டவுனில் ஒரு குத்தகை விவசாயி வீட்டில் பிறந்த பேட்ரிக் கென்னடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டனில் பீப்பாய் செய்யும் தொழில் செய்து, வெக்ஸ்ஃபர்ட் பெண்ணான பிரிட்ஜெட் மர்ஃபியை 1849இல் மணந்து, 1858இல் இறந்தார். பிள்ளைகளைக் கைம்பெண்ணாக இருந்து பிரிட்ஜெட் வளர்த்தார். பேட்ரிக்கின் கொள்ளுப்பேரன் 1961இல் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார்.

அந்த ஆண்டு மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளில், அயர்லாந்து அரசு அவருக்கு ஒரு குலச்சின்னத்தை வழங்கியது. கறுப்புக் கேடயத்தில் மூன்று பொன் தலைக்கவசங்கள். அவை ஆர்மண்ட் கென்னடிகளுடையவை. சுற்றிலும் சிவப்பும் வெண்மயிர்த்தோலுமான கரை. அது தாய்வழி ஃபிட்ஜெரால்டு மரபைக் குறிப்பது. பஞ்சத்தில் ஊரைவிட்ட குத்தகைக் குடும்பத்துக்கு, பெயரின் வழியே, ஆர்மண்ட் அரசர்களின் அடையாளம் திரும்பக் கிடைத்தது. 1963 ஜூன் 27 அன்று அவர் டன்கன்ஸ்டவுன் பண்ணைக்கே சென்று உறவினர்களோடு தேநீர் அருந்தினார். ஐந்து மாதத்துக்குள் அவர் உயிரோடு இல்லை.

மீண்டும் இடுபெயராக

அவர் மறைவுக்குப் பின் பெயர் வேறு திசையில் நடந்தது. நியூயார்க் விமான நிலையமும் ஃபுளோரிடாவின் விண்வெளி மையமும் அப்பெயரைப் பெற்றன. கேப் கனாவெரல் முனையும் கேப் கென்னடி ஆயிற்று; உள்ளூர் மக்கள் பழைய பெயரையே விரும்பியதால் 1973இல் அது திரும்ப மாற்றப்பட்டது. குடும்பப் பெயராக இருந்தது இடுபெயராகவும் ஆனது. ஆப்பிரிக்க நாடுகளில் ஆண்களுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவில் 1990களிலிருந்து பெண்குழந்தைகளுக்குக் கென்னடி என்று பெயரிடுவது பரவியது. ஆணின் வழித்தோன்றலைக் குறித்த பெயர் இன்று அங்கே பெண்பெயராக வழங்குகிறது.

தமிழ்நாட்டிலும் கென்னடி இடுபெயர்தான். நடிகர் விக்ரமின் இயற்பெயர் கென்னடி ஜான் விக்டர். அவர் 1966இல் பிறந்தவர். அந்தத் தலைமுறையில் நம் ஊர்களில் எத்தனையோ கென்னடிகள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இன்று 'கே.' என்ற தலைப்பெழுத்தோடு கையொப்பமிடுகிறார்கள். கென்னடியின் பிள்ளை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ஷானன் கரையில் உறையாமல் இருந்த நாட்களில் அந்தப் பெயர் செய்த வேலையும் அதுவே.

பெயர் எதை நிறுவும்?

ஐரிஷ் வேர் தேடும் பலர் குடும்பப் பெயரின் பொருளையும் குலச்சின்னத்தையும் விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டு தேடலை முடித்துக்கொள்கிறார்கள். இது தவறான வழி. குலச்சின்னம் தனியொருவருக்கும் அவர் வழியினருக்கும் வழங்கப்படுவது. பெயர் ஒத்துப்போவதாலேயே அது எவருக்கும் உரிமையாகிவிடாது. பெயரின் சொற்பொருளும் ஒருவருடைய முன்னோர் யார் என்று சொல்லாது.

சொல்லக்கூடியது ஊர். அயர்லாந்தில் டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகள் 60,000க்கும் மேல். முன்னோர் எந்த டவுன்லேண்டில், எந்தப் பங்கில் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால் மட்டுமே பெயர் வரலாறாக மாறும். 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நடந்த சண்டையில் பொது ஆவணக் காப்பகம் எரிந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாயின. ஆயினும் 1847க்கும் 1864க்கும் இடையே தொகுக்கப்பட்ட க்ரிஃபித் நில மதிப்பீடு, பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், 1901, 1911 ஆண்டுகளின் கணக்கெடுப்புகள் ஆகியவை தப்பிப் பிழைத்திருக்கின்றன. கணக்கெடுப்புகள் இரண்டையும் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

கென்னடி என்ற பெயர் ஒரு தொடக்கச் சான்று மட்டுமே. அதற்கு மேல் எதை நிறுவ வேண்டுமானாலும் ஊரையும் ஆண்டையும் ஆவணத்தையும் காட்ட வேண்டும். எந்த நாட்டுக் குடும்பப் பெயரை ஆராய்பவருக்கும் இந்த விதி பொருந்தும்.